தள்ளிவிடப்பட்ட குஞ்சுகள்



உங்கள் வீட்டுப் பிள்ளை கைக்கடக்கமான ஒரு விளையாட்டுக் கருவியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறீர்களா? "என்ன செய்கிறாய்?" என்று கேட்டால், "முட்டை பொரிக்கிறேன்" என்று பதில் வந்ததுண்டா? எங்கள் வீட்டில் வந்தது. திருநெல்வேலிச் சீமையை விட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறியவர்கள் நாங்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர், பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு ஒரு கருவியைப் பரிசாகக் கொடுத்துச் சென்றார். அதில் இருந்தது போக்கிமான் என்னும் விளையாட்டு.

உடனே கண்டிக்கத்தான் எண்ணினேன். அமெரிக்க சபைகள் சிலவற்றில் 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் இவ்விளையாட்டுக்கு எதிராக எச்சரிப்புகள் எழுந்ததையும், சவுதி அரேபியா 2001இல் இதைத் தடை செய்ததையும் அறிந்திருந்தேன். ஆயினும், ஒன்றை நியாயந்தீர்க்குமுன் அது இன்னதென்று அறிவது நம் கடமையல்லவா? ஆகவே ஒரு சனிக்கிழமை மாலை மகனருகே அமர்ந்து, "எனக்கும் சொல்லிக் கொடு, தம்பி" என்றேன்.

விளையாட்டின் உள்ளமைப்பு

1996 பிப்ரவரியில் ஜப்பானில் இது வெளியாயிற்று. இதை உருவாக்கிய சதோஷி தஜிரி, சிறுவயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்த்து மகிழ்ந்தவர். அந்த மகிழ்ச்சியை நகரத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்க விரும்பினார். தொடக்கத்தில் 151 கற்பனை உயிர்கள் இருந்தன. இன்று ஆயிரத்துக்கும் மேல். அவற்றைப் பிடித்து, வளர்த்து, பிறருடைய உயிர்களோடு மோதவிடுவதே ஆட்டம்.

1999இல் இனப்பெருக்கமும் சேர்க்கப்பட்டது. பொருத்தமான ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டால் முட்டை கிடைக்கும். குறிப்பிட்ட தூரம் நடந்தால் அது பொரியும். குஞ்சு பெரும்பாலும் தாயின் இனத்தைச் சேரும். ஒவ்வொரு குஞ்சுக்கும் உயிர்வலிமை, தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் என்னும் ஆறு தன்மைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பிறப்பிலேயே 0 முதல் 31 வரை ஓர் எண் ஒளிந்திருக்கும். இவ்வெண்கள் தற்செயலாய் அமைந்தால், ஆறிலும் 31 உடைய குஞ்சு ஏறத்தாழ 107 கோடியில் ஒன்றுதான் கிடைக்கும்!

ஆனால் வளர்ப்பவர்கள் வழி கண்டிருக்கிறார்கள். பெற்றோரில் ஒன்றிடம் ஒரு சிவப்பு நூலைக் கொடுத்துவைத்தால், ஆறு தன்மைகளில் ஐந்து பெற்றோரிடமிருந்து இறங்கும். இந்த வசதி 2013 முதல் உள்ளது. தாயும் தந்தையும் ஆறு தன்மைகளிலும் நிறைவுடையவையாயின், சராசரியாக 32 முட்டைகளுக்கு ஒன்று குறையற்றதாய்ப் பொரியும். அதன்பின் பயிற்சி தொடங்கும். ஓர் உயிருக்கு அளிக்கக்கூடிய பயிற்சிப் புள்ளிகள் மொத்தம் 510. ஒரு தன்மைக்கு 252க்கு மேல் செல்லாது. ஒன்றில் மிகுத்தால் மற்றொன்றில் குறையும். பொறுமையும் கணக்கறிவும் இல்லாதவர்களால் இதைச் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன்.

"மற்றவை எங்கே?"

அன்று மகன் நாற்பதாவது முட்டையைப் பொரித்து, விரும்பிய குஞ்சைப் பெற்றான். மகிழ்ச்சியில் துள்ளினான்.

"மற்ற முப்பத்தொன்பதும் எங்கே?" என்று கேட்டேன்.

"விட்டுவிட்டேன் அப்பா. எண் சரியில்லை."

"பாவம் அல்லவா?" என்றேன் சிரித்துக்கொண்டே.

அவன் சிரிக்கவில்லை. எங்கள் சமையலறைச் சுவரைப் பார்த்தான். அங்கே அவன் படிக்கும் பயிற்சி வகுப்பின் மாதிரித் தேர்வு மதிப்பெண்களை நான் மாதந்தோறும் ஒட்டிவைத்திருந்தேன். "என் எண்ணும் சரியில்லைதானே அப்பா" என்றான்.

பிரியமானவர்களே, அந்த ஒரு வார்த்தை என் இருதயத்தை ஊடுருவியது. பிள்ளையின் கருவியில் பிசாசைத் தேடிக்கொண்டிருந்தேன். என் சுவரிலோ ஒரு தராசைத் தொங்கவிட்டிருந்தேன். ஊரை விட்டு வந்தோம், வாடகை கொடுக்கிறோம், கஷ்டப்படுகிறோம், பிள்ளை மருத்துவனாக வேண்டும் என்று நாம் சொல்லுவது நியாயமே. ஆனால் அவன் காதில் அது எவ்வாறு விழுகிறது என்று என்றைக்காவது கேட்டோமா?

கேரளம் கற்ற பாடம்

எண்ணை மட்டும் பார்த்துத் தெரிந்தெடுப்பதன் விளைவைக் கேரள மாநிலமே அனுபவித்திருக்கிறது. கோட்டயம் மாவட்டத்து வைக்கத்தை அடுத்த வெச்சூரில் தோன்றிய பசு மிகச் சிறியது. ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரமே. 1960களில் பால் அளவைப் பெருக்கும் நோக்கத்தில் அயல்நாட்டு இனங்களோடு கலப்பு செய்யப்பட்டது. 1961ஆம் ஆண்டின் கால்நடை அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் நாட்டுக் காளைகளுக்குக் காயடிக்கும் நிலை வந்தது. பால் பெருகியது உண்மையே. ஆனால் குறைந்த தீனியில் வாழ்ந்து, இந்த மழைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்த வெச்சூர்ப் பசு அழிவின் விளிம்புக்குச் சென்றது. 1980களின் இறுதியில் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சோசம்மா ஐப் அவர்கள் மாணவர்களோடு வீடுவீடாகத் தேடி, எஞ்சியிருந்த சிலவற்றைச் சேர்த்து அந்த இனத்தை மீட்டார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஓர் அளவுகோலால் தள்ளப்பட்டது, வேறோர் அளவுகோலால் விலையேறப்பெற்றதாயிற்று.

விளையாட்டிலும் இதைக் காணலாம். இந்தியாவுக்கு 2016 டிசம்பரில் வந்த போக்கிமான் கோ என்னும் கைபேசி ஆட்டத்தில், போட்டிகள் 1500 என்ற வலிமை வரம்புக்குள் நடைபெறுகின்றன. அங்கே எல்லா எண்ணும் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் சிறந்ததல்ல. தாக்குதல் எண் குறைந்தும் தற்காப்பும் உயிர்வலிமையும் மிகுந்தும் உள்ளவையே பல இனங்களில் நீடித்து நிற்கின்றன. பார்வைக்குக் குறையாகத் தோன்றுவதே நிலைநிற்கிறது! 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் அனாஹெய்ம் நகரில் நடந்த உலகப் போட்டியில், இப்பிரிவின் பட்டத்தை வேத் பாம்ப் என்னும் இந்திய இளைஞர் வென்றார்.

வேதம் காட்டும் வழி

ஈசாயின் வீட்டில் சாமுவேல் தீர்க்கதரிசியின் முன் ஏழு குமாரர் வரிசையாய்க் கடந்துபோனார்கள். உயரமும் தோற்றமும் உள்ள மூத்தவனைக் கண்டு தீர்க்கதரிசியே ஏமாறினார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இளையவனைத் தகப்பன் அழைக்கவும் நினைக்கவில்லை. அவனைத்தான் தேவன் தெரிந்துகொண்டார் (1 சாமுவேல் 16). தேவன் பார்க்கும் இடம் இருதயம். புள்ளியும் வரியும் உள்ள ஆடுகளைத் தனக்கெனப் பெருக்கிய யாக்கோபும், அந்தப் பெருக்கம் தன் சாமர்த்தியத்தால் வந்ததல்ல, தேவனால் வந்தது என்று பின்பு அறிக்கையிட்டான் (ஆதியாகமம் 31).

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா? வேண்டும். இவ்விளையாட்டை உண்டாக்கியவர்களே 2016 முதல், குறைந்த எண்ணோடு பிறந்ததையும் உயர்ந்த நிலைக்கு வளர்த்தபின் நிறைவாக்க ஒரு வழி வைத்தார்கள். மனிதன் உண்டாக்கிய விளையாட்டிலேயே அதற்கு இடமிருக்குமானால், கிருபையுள்ள தேவன் உங்கள் பிள்ளைக்கு வைத்திருக்கும் வழி எத்தனை பெரியது!

பெற்றோர் செய்யவேண்டியவை

தடை செய்யுமுன் ஒரு மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். நேர வரம்பை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். குடும்ப ஜெப வேளையில் கருவி மூடியிருக்கட்டும். முன்பின் அறியாதவர்களோடு இணையத்தில் ஆடுவதையும், பணம் செலுத்தி வாங்குவதையும் உங்கள் அனுமதியின்றிச் செய்யாதபடி கருவியில் பூட்டு அமையுங்கள். முட்டை பொரிக்க நடக்கவேண்டிய கைபேசி ஆட்டமாயின், மாலையில் மியூசியம் வளாகத்திலோ கனகக்குன்றிலோ நீங்களும் கூட நடங்கள். அந்த நடையில் பிள்ளை பேசுவான், நீங்கள் கேளுங்கள்.

சனிக்கிழமை இரவே மதிப்பெண் தாள்களைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். மறுநாள் காலை ஆராதனைக்குப் புறப்படும்போது மகன் அந்த வெற்றுச் சுவரைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. வாகனத்தில் என் பின்னால் அமர்ந்து, நீண்ட நாட்களுக்குப் பின் என் தோளில் கை வைத்துக்கொண்டான்.

அன்பான பெற்றோரே, உங்கள் வீட்டுச் சுவரில் என்ன தொங்குகிறது? இன்றிரவு பிள்ளையின் தலைமேல் கைவைத்து, எண்ணொன்றும் குறிப்பிடாமல், அவன் பெயரை மட்டும் சொல்லி ஜெபியுங்கள். கர்த்தர் உங்கள் குடும்பத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.