நெருப்பை நம்பி வாழும் ஆமை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கே, லூயிசியானாவிலிருந்து தென் கரோலினா வரையிலும் ஃபுளோரிடா தீபகற்பம் நெடுகிலும் காணப்படும் மணற்பாங்கான பைன் காடுகளில், கோஃபர் ஆமை என்னும் நில ஆமை வாழ்கிறது. பெரும்பாலும் ஓரடி நீளங்கூட நிரம்பாத, புல்லும் பூண்டும் தின்று பிழைக்கும் இந்தச் சாதுப் பிராணி, தட்டையாகவும் வலுவாகவும் அமைந்த தன் முன்னங்கால்களால் பறிக்கும் வளை சாதாரணமாக 15 அடி நீளமும் ஆறடிக்கு மேற்பட்ட ஆழமும் உடையது. 40 அடி நீளமுள்ள வளைகளும் உண்டு. வளையின் அகலம் ஏறக்குறைய ஆமையின் நீளத்துக்குச் சமமாக இருப்பதால், உள்ளே எந்த இடத்திலும் அது தாராளமாகத் திரும்பிக்கொள்கிறது.

கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் கதகதப்பும் எக்காலத்தும் ஈரப்பசையும் மாறாத அந்த வளை, தோண்டிய ஆமைக்கு மட்டும் உரியதாக நின்றுவிடாமல், வழிப்போக்கர்களுக்கு ஊர்ச் சத்திரம் போல, ஏறக்குறைய 360 வகை ஜீவராசிகளுக்குப் புகலிடமாக விளங்குகிறது. இண்டிகோப் பாம்பு குளிர்காலத்தை அதில் கழிக்கிறது. கொடிய விஷமுள்ள கிலுகிலுப்பை விரியன் ஒதுங்குகிற வளையிலேயே தவளையும் எலியும் ஒதுங்குகின்றன. ஆமையின் சாணத்தையே ஆகாரமாகக் கொண்ட வண்டுகளும் அங்கே உண்டு. மேலே காடு பற்றியெரியும்போது இவற்றின் பிராணனைக் காப்பது அந்த மண்ணறைதான்.

காடு எரிவது அங்கே விபத்தன்று. ஒரு காலத்தில் ஏறக்குறைய 9 கோடி ஏக்கர் பரப்பில் நிறைந்திருந்த நீள ஊசியிலைப் பைன் வனத்தில், சில ஆண்டுகளுக்கொருமுறை மின்னலால் மூண்ட தீ, உயர்ந்த மரங்களைத் தொடாமல் தரையோடு தவழ்ந்து, புதரை எரித்து, சூரிய வெளிச்சத்தை மண்ணில் விழச் செய்து, இளம் புல்லைத் துளிர்க்க வைத்தது. தீயைச் சத்துருவாகக் கருதி மனிதர் அதை அணைக்கத் தொடங்கிய பின், புதர் மண்டி, நிழல் கவிந்து, புல் அழிந்தது. ஆகாரம் தேடிச் சாலையோரங்களுக்கு வந்த ஆமைகள் வாகனங்களில் அடிபட்டன. வளை வாயிலின் மணல்மேட்டில் இடும் முட்டைகள் பொரிப்பதற்கும், குஞ்சு ஆணா பெண்ணா என்பது நிர்ணயமாவதற்கும் அம்மணலின் வெப்பமே காரணமாதலால், நிழல் சந்ததியையும் பாதித்தது. மரம் வெட்டுதலும் சேர்ந்துகொள்ள, பழைய வனத்தில் நூற்றுக்கு மூன்று பங்கே எஞ்சியது.

பத்து முதல் இருபது வயதுக்குள் பருவமடைந்து, வருஷத்துக்கு ஒரு முறை ஐந்தாறு முட்டைகளே இட்டு, அவற்றிலும் பெரும்பாலானவற்றை ரக்கூன் முதலிய பிராணிகளுக்குப் பறிகொடுக்கும் ஜாதி இது. ஆகையால் வளர்ந்த ஆமை ஒன்றின் இழப்பை எளிதில் ஈடுசெய்ய இயலாது. 1930களின் பொருளாதார நெருக்கடியில் ஏழைகள் இதை, ஜனாதிபதி ஹூவரின் பெயரால், ‘ஹூவர் கோழி’ என்று சொல்லித் தின்றதைக் குற்றமாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. விரியனைப் பிடிப்பதற்காக வளைக்குள் பெட்ரோல் ஊற்றியதும், கட்டடம் எழுப்புவோர் பணம் செலுத்தி அனுமதி பெற்று ஆமைகளை வளையோடு உயிருடன் புதைத்ததும் வேறு வகை. அந்த அனுமதி முறை ஃபுளோரிடாவில் 2007ஆம் ஆண்டுவரை நீடித்தது என்பது நெஞ்சைப் பதறச் செய்கிறது.

மொபீல், டோம்பிக்பீ நதிகளுக்கு மேற்கே வாழும் ஆமைகளுக்கு 1987இல் மத்திய சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்தது. கிழக்கே உள்ளவற்றுக்கு அது தேவையில்லை என்று 2022இல் முடிவாயிற்று. கட்டுமான நிலங்களிலிருந்து ஆமைகளை இப்போது வேறிடத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். அவை பழைய இடத்தை நாடிக் கிளம்பிவிடுமாதலால், புது மண் பழகும்வரை மாதக்கணக்கில் வேலிக்குள் வைக்கிறார்கள். ஆயினும் குடியேற்றுவது பாதி வேலையே. இன்று பொரிக்கும் ஒரு பெண்குஞ்சு தாயாவதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆகுமெனக் கொண்டால், அதற்குள் மூன்றாண்டுக்கொருமுறை வீதம் ஐந்து தடவை யாரேனும் ஒருவர் அந்த நிலத்துக்குத் திட்டமிட்டுத் தீ வைத்தாக வேண்டும்.