கையொப்பமும் காணியும்: அமெரிக்க ஜனாதிபதிகளின் ஆவணங்களும் உடையார்கட்டின் அனுமதிப்பத்திரமும்

ஆவணமொன்றின் கீழே இடப்படும் கையொப்பத்தை அதன் முடிவு என்றே நாம் வழமையாகக் கருதுகின்றோம். எழுதவேண்டியது எழுதப்பட்டது, உரியவர் ஒப்பமிட்டார், விடயம் முற்றுப்பெற்றது. ஆயின் ஆவணத்தைச் சமூக உறவுகளின் வெளிப்பாடாக நோக்கும் ஆய்வாளனுக்குக் கையொப்பமே தொடக்கமாகின்றது. எவருடைய உடைமை எவருடைய பெயரால் எவருக்குக் கைமாறுகின்றது என்பதும், அவ்வொப்பத்தைச் செல்லுபடியாக்கும் வலிமை எங்கிருந்து வருகின்றது, எவ்வளவு காலம் நிலைக்கின்றது என்பதும் அதன் பின்னரே எழும் வினாக்களாகும். இலக்கிய மாணவர்களாகிய நாம் செய்யுளையும் புனைகதையையும் இவ்வாறு வினவப் பழகியிருக்கின்றோம். உறுதியையும் உடன்படிக்கையையும் மனுவையும் அவ்வாறு வினவியது குறைவு.

இவ்வினா எமக்குத் தாள்களிலிருந்து மட்டும் எழுந்ததன்று. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே கிடக்கும் உடையார்கட்டு என்னும் ஊரின் பெயரே ஒரு பதவியையும் ஒரு குளக்கட்டையும் இணைத்து நிற்கின்றது. உடையார் என்பது காலனித்துவ ஆட்சியில் ஊர்த்தலைமைக்காரர் ஒருவரின் பதவிப் பெயர். அரசின் எழுத்தும் குடியானவனின் நிலமும் சந்திக்கும் இடத்தில் நின்றவர் அவர். இன்று அவ்விடத்தில் நிற்பவை இரண்டு தாள்கள். ஒன்று, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம், ஊர்வழக்கில் 'பேமிற்'. மற்றையது, காணியைத் திருத்திப் பயிரிட்டு நிபந்தனைகளை நிறைவேற்றிய பின்னர் கிடைக்கும் அளிப்புப் பத்திரம். முன்னதில் கச்சேரியின் அல்லது பிரதேச செயலகத்தின் அதிகாரி ஒப்பமிடுவார். பின்னதில் நாட்டின் ஜனாதிபதியின் ஒப்பம் இருக்கும். அரசுத் தலைவர் ஒருவரின் கையொப்பம் வன்னிக் குடியானவன் வீட்டின் தகரப் பெட்டிக்குள் வந்து சேரும் ஒரே சந்தர்ப்பம் பெரும்பாலும் இதுவே.

அரசுத் தலைவரின் ஒப்பத்தோடு குடியானவனுக்குக் காணி வழங்கும் முறைமை மிகப் பெரிய அளவில் நடந்தேறிய நாடு அமெரிக்க ஐக்கிய நாடு ஆகும். அந்நாட்டின் தலைவர்கள் ஒப்பமிட்ட தாள்கள் பேணப்பட்டும், பட்டியலிடப்பட்டும், விலைபேசப்பட்டும் இருப்பதால், ஒப்பத்தின் அரசியற் பொருளாதாரத்தை அங்கு தெளிவாகக் காணமுடிகின்றது. ஆதலால் சற்றுத் தொலைவு சென்று திரும்புவோம்.

அமெரிக்க அரசு விற்ற பொதுக்காணி ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமைப்பத்திரம் உண்டு. 1833 வரை அவற்றில் ஜனாதிபதியே தம் கைப்பட ஒப்பமிட்டார். அவ்வாண்டு மார்ச் 2ஆந் திகதிச் சட்டம், அவர் பெயரால் ஒப்பமிட ஒரு செயலாளரை நியமிக்க இடமளித்தது. அப்போது ஜனாதிபதியாயிருந்தவர் ஆண்ட்ரூ ஜாக்சன். ஒப்பத்துக்காகக் குவிந்த தாள்களை ஒருவரின் கை தாங்கவில்லை என்பது வெளிப்படையான காரணம். தாள்கள் ஏன் குவிந்தன என்பதே நாம் கேட்கவேண்டியது. 1830 மே 28இல் இதே ஜாக்சன் ஒப்பமிட்ட சட்டம், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த ஆதிக்குடிகளை மேற்கே பெயர்க்க வழிசெய்தது. சொக்டோ, கிறீக், சிக்கசோ, செரோக்கி மக்களின் நிலங்கள் அளக்கப்பட்டன, துண்டாடப்பட்டன, சந்தைக்கு வந்தன. அவற்றிற் பெரும்பகுதி அடிமை உழைப்பில் இயங்கிய பருத்திச் செய்கைக்குச் சென்றது. ஒரு கையொப்பம் மக்களை நிலத்திலிருந்து பிரித்தது. அந்நிலத்தை விற்பதற்கான கையொப்பங்களோ ஒருவரால் இடமுடியாத அளவுக்குப் பெருகின.

செரோக்கி மக்களின் விடயம் தனித்து நோக்கற்பாலது. 1835 டிசம்பர் 29இல் நியூ எக்கோட்டாவிற் செய்யப்பட்ட உடன்படிக்கையில் ஒப்பமிட்டவர்கள் அச்சமூகத்தின் தெரிவுசெய்யப்பட்ட தலைமையைச் சேர்ந்தவர்கள் அல்லர். தலைவர் ஜோன் றொஸ் எதிர்த்தார். பல்லாயிரம் பேரின் பெயர்களைத் தாங்கிய மனு வாஷிங்டனுக்குச் சென்றது. இருந்தும் செனற் சபை ஒரேயொரு மேலதிக வாக்கினால் உடன்படிக்கையை ஏற்க, 1836 மே மாதம் ஜாக்சன் ஒப்பமிட்டார். 1838இல் இராணுவம் அம்மக்களைப் பெயர்த்தது; வழியில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணிப்பு. பல்லாயிரம் பேரின் ஒப்பம் மனுவாயிற்று. ஒரு சிலரின் ஒப்பம் உடன்படிக்கையாயிற்று. இவ்வேறுபாட்டை ஒப்பங்களின் எண்ணிக்கை விளக்காது. இரண்டு தாள்களையும் பெற்ற அரசின் வர்க்க நலனே அதனை விளக்கும்.

அடிமை விடுதலைப் பிரகடனத்தைப் பற்றிய கதை பலரும் அறிந்தது. 1863ஆம் ஆண்டின் முதல் நாளில், புத்தாண்டு விருந்தினரோடு மணிக்கணக்காகக் கைகுலுக்கித் தளர்ந்திருந்த லிங்கன், தம் ஒப்பம் நடுங்கினால் தயங்கினார் என்று வரலாறு சொல்லுமே என அஞ்சினார் என்பர். அத்தாளின் பிற்காலம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. லிங்கனின் கையெழுத்துப் பிரதி போர்வீரர் நலனுக்காகச் சிக்காகோவில் 3,000 டொலருக்கு விற்கப்பட்டு, 1871ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்தது. 1864இல் பிலடெல்பியா நலச்சந்தைக்காக அச்சிட்ட 48 பிரதிகளில் லிங்கன் ஒப்பமிட்டார். ஒன்றின் விலை 10 டொலர். அப்போது எல்லாமே விற்றுத் தீரவில்லை. 2010இல் அவற்றுள் ஒன்று ஏலத்தில் 37 இலட்சம் டொலருக்கு மேற் சென்றது. மார்க்ஸ் பண்டம் பற்றி எழுதியதை விளக்க இதனினும் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது. (அதே 1864இல் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் பெயரால் லிங்கனுக்கு வாழ்த்துக் கடிதம் வரைந்தவரும் அவரே.) மனிதர் விற்பனைப் பண்டமாயிருந்ததை ஒழிக்கும் தாள், தானே விற்பனைப் பண்டமாயிற்று.

எனினும் எமது பொருளுக்கு மிக நெருங்கிய ஆவணங்கள் லிங்கனுடையவை அல்ல. அவருக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜோன்சனுடையவை. 1865 ஜனவரி 16இல் ஜெனரல் சேர்மன் விடுத்த 15ஆம் இலக்கக் களக்கட்டளை, தென் கரோலினா முதல் புளோரிடா வரையான கரையோர நிலத்தை விடுதலைபெற்ற கறுப்பின மக்களுக்கென ஒதுக்கியது. குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மேற்படாத துண்டு. அதனை ஆட்சிகொள்ளும் உரிமைக்கு இராணுவ அதிகாரியின் ஒப்பத்தோடு ஒரு பத்திரம். ஏறத்தாழ 40,000 பேர் அங்கு குடியமர்ந்து பயிரிட்டனர். அப்பத்திரம் முழுமையான உறுதி அன்று. எமது மொழியிற் கூறின், அது ஒரு பேமிற்.

அதே ஆண்டு மே 29இல் ஜோன்சன் பொதுமன்னிப்புப் பிரகடனம் விடுத்தார். 20,000 டொலருக்கு மேற்பட்ட சொத்துடைய கிளர்ச்சியாளர் தனித்தனியே விண்ணப்பித்து மன்னிப்புப் பெறவேண்டியிருந்தது. விண்ணப்பங்கள் குவிந்தன, மன்னிப்புகளும் குவிந்தன. அச்சிட்ட படிவத்தில் பெயரும் திகதியும் மட்டும் கையால் நிரப்பப்பட்ட, ஜனாதிபதியின் ஒப்பமுள்ள அத்தாள்களை இன்றும் சேகரிப்பாளர் வாங்குகின்றனர். அவற்றின் வாசகத்தில் நிலம் பற்றிய ஆரவாரம் எதுவும் இல்லை. அடிமைகள் நீங்கலாக ஏனைய சொத்துரிமை மீளும் என்பதே அதன் சாரம். ஆனால் கரையோரப் பண்ணையாளன் ஒருவன் கையில் அத்தாள் வந்தபோது, அவன் நிலத்திற் குடியேறியிருந்தோரின் பத்திரம் வலுவிழந்தது. மன்னிப்புத் தாளில் அக்குடியேறிகளின் பெயர் இராது. தம் நிலத்தைப் பறித்த ஆவணத்தில் அவர்கள் ஒரு சொல்லாகவேனும் இடம்பெறவில்லை.

அவர்களின் குரல் வேறொரு தாளில் இருக்கின்றது. 1865 ஒக்டோபர் 28இல் எடிஸ்ரோ தீவின் விடுதலைபெற்ற மக்கள் சார்பில் மூவர் ஜோன்சனுக்கு மனு எழுதினர். மரியாதை விளிப்புகளும் பணிவும் நிறைந்த அதன் நடைக்குள், இந்நிலத்தைக் காடு வெட்டிக் கழனியாக்கிய உழைப்பு எம்முடையது என்னும் வாதம் அமைந்துள்ளது. நிலமின்றேல் விடுதலையும் பழைய எசமானரின் தயவாகவே எஞ்சும் என அவர்கள் கண்டிருந்தனர். அம்மனுவின் எழுத்துப்பிழைகளைத் திருத்திப் பதிப்பித்தல் தகாது. எழுத்தறிவு தண்டனைக்குரிய குற்றமாயிருந்த சமூகமொன்று பேனாவைக் கையில் எடுத்த காலத்தை அப்பிழைகளே சான்றுபடுத்துகின்றன.

இனி எம் நாட்டுக்குத் திரும்பின், முதலிற் காணவேண்டியது 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புத் தடைச் சட்டமாகும். பயிரிடப்படாத நிலமும் காடும், மறுதலையாக நிறுவப்படாதவிடத்து, முடிக்குரியவை என அது கொண்டது. தாள் இல்லாத உடைமை அந்நாளிலிருந்தே ஐயத்துக்குரியதாயிற்று. வன்னியின் பெரும்பகுதி அரச காணியாக எண்ணப்படுவதன் பின்புலம் இது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் அக்காணியைக் குடியானவனுக்குத் திருப்பிக் கொடுத்தது; ஆயினும் நிபந்தனைகளோடு கொடுத்தது. விரும்பியவாறு விற்கமுடியாது, பிரிக்கமுடியாது. பின்னுரிமையாளர் பெயர் குறிக்கப்படாவிடின், புதல்வர் புதல்வியருக்கு முந்துவர், மூத்தவர் இளையவருக்கு முந்துவர். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை இவ்வொழுங்கு நீடித்தது. போரின் பின்னர் பெண்களே தலைமை தாங்கிய குடும்பங்கள் மிகுந்த ஒரு பிரதேசத்தில் இதன் விளைவை விரித்துரைக்க வேண்டியதில்லை.

யாருக்குக் காணி என்பதைத் தீர்மானிக்கும் ஒப்பம் யாருடையது? இலங்கை அரசியலின் இரு பெரும் உடன்படிக்கைகளும் இவ்வினாவைச் சுற்றியே நின்றன. 1957 ஜூலை 26இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, குடியேற்றத் திட்டங்களுக்கு ஆட்களைத் தெரியும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு அளிப்பதாயிருந்தது. 1958 ஏப்ரல் 9இல் பிரதமரின் இல்லத்து முன்றலிற் பிக்குகள் அமர்ந்தபோது அது கைவிடப்பட்டது. வாய்மொழி உறுதி அவர்களுக்குப் போதவில்லை. எழுத்திற் கேட்டுப் பெற்றனர். ஒரு கையொப்பத்தை அழிக்க இன்னுமோர் எழுத்து வேண்டப்பட்டமை கவனிக்கத்தக்கது. 1965 மார்ச் 24இல் டட்லி சேனாநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பமிட்டது, வடக்குக் கிழக்குக் காணி முதலில் அவ்வம் மாவட்டத்தின் காணியற்றோருக்கு எனக் கூறியது. அதன் மாவட்ட சபைத் திட்டம் 1968இற் கைவிடப்பட்டது.

இவ்விடத்தில் இடதுசாரி மரபைச் சேர்ந்தோராகிய நாம் எமது கணக்கையும் ஒளிக்கலாகாது. 1966 ஜனவரி 8இல் தமிழ் மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராகக் கொழும்பில் நடந்த ஆர்ப்பாட்டத்திற் பாரம்பரிய இடதுசாரிக் கட்சிகளும் சேர்ந்து நின்றன. காணியற்ற தமிழ்க் குடியானவனும் காணியற்ற சிங்களக் குடியானவனும் ஒரே கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரே வகைப் படிவத்தை நிரப்பியவர்கள் என்பதை எடுத்துச் சொல்லவேண்டிய கட்சிகள் அன்று வேறொன்றைச் சொல்லின. இவ்வுடன்படிக்கைகளை இனங்களின் தலைவர்கள் இருவரின் நல்லெண்ணமாக மட்டும் வாசிப்பதும், முதலாளித்துவத் தலைவர்களின் பேரம் என ஒதுக்குவதும், அத்தாளின் காணி வாசகத்தைப் படியாதோர் செய்யும் தவறுகளே.

உடையார்கட்டு மற்றோர் அறிவித்தலிலும் இடம்பெற்றது. 2009 ஜனவரி 21இல் இராணுவம் வீதிக்கு வடக்கே உடையார்கட்டுச் சந்தி முதலான பகுதியைப் பாதுகாப்பு வலயம் என அறிவித்தது. மக்கள் அங்கு திரண்டனர். அவ்வலயத்தினுள் எறிகணைகள் வீழ்ந்தமையையும், உடையார்கட்டு வைத்தியசாலை தாக்குண்டமையையும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இற் பதிவுசெய்தது. அங்கிருந்து கிழக்கே முள்ளிவாய்க்கால் வரை சென்று, பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பியோரிற் பலர் பெட்டியை எங்கோ விட்டிருந்தனர். பேமிற் மண்ணுட் புதைந்தது, எரிந்தது, நனைந்து கூழாயிற்று. காணி இருந்த இடத்திலேயே இருந்தது. அது தம்முடையது எனக் காட்டும் தாள் இல்லை. 2013ஆம் ஆண்டின் காணிச் சுற்றறிக்கை ஒன்று வடக்குக் கிழக்கு அரச காணிப் பிணக்குகளை விசாரிக்கும் நடைமுறையை வகுத்தபோது, மீண்டும் மனுக்கள் எழுதப்பட்டன.

ஊர்வழக்கிற் 'பெட்டிசம்' எனப்படும் இம்மனுக்கள் எமது உரைநடை வரலாற்றில் இடம்பெறாத ஓர் இலக்கிய வகையாகும். பணிவான விளிப்பு, குடும்ப விபரம், காணியின் நான்கு எல்லை, காடு வெட்டிய ஆண்டு, இடம்பெயர்ந்த ஊர்களின் வரிசை, இறுதியில் வேண்டுகோள் என்னும் அமைப்பு அவற்றுக்கு உண்டு. கட்டப்பட்ட இவ்வடிவத்துக்குள் ஒருவர் தம் வாழ்வை இரண்டு பக்கத்திற் சொல்லவேண்டியிருக்கின்றது. எல்லை கூறும் இடத்திற் பாலை மரமும் வாய்க்காலும் வருகின்றன. மரம் ஷெல்லில் முறிந்திருப்பின், முறிந்தது என்பதும் எல்லையாகின்றது.

எடிஸ்ரோ தீவினரின் மனு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளதால் அதனை இன்று நாம் வாசிக்க முடிகின்றது. எமது மனுக்களின் மூலப்பிரதி அலுவலகக் கோப்பிலும், கார்பன் பிரதி வீட்டிலும் கிடக்கும். வீட்டுப் பிரதிகளை உரியோரின் இசைவோடு படியெடுக்கும் வேலையைப் புதுக்குடியிருப்புப் பிரிவிலிருந்து தொடங்கலாம் என்பது எமது முன்மொழிவு. பெயர்களை நீக்கி, திகதியையும் எல்லை விபரத்தையும் எழுத்துப்பிழையையும் உள்ளவாறே விட்டுப் படியெடுத்தல் வேண்டும். கார்பன் எழுத்து மங்கிக்கொண்டிருப்பதால், மிகப் பழைய பிரதிகளை முதலிற் கையிலெடுத்தல் நன்று.