காணாததை எடை போடுவது எப்படி?

தமிழ் படிப்பிக்கிற எனக்கு வானியலில் என்ன வேலை என்று கேட்கலாம். வேற்றுமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 'பாடம் படித்தான்' என்பதில் 'ஐ' உருபு வெளியே தெரிவதில்லை. ஆனாலும் பொருளைத் தீர்மானிப்பது அதுதான். பிரபஞ்சத்திலும் அப்படியொன்று மறைந்து நிற்கிறது. அதன் பெயர் கரும்பொருள். அது ஒளியை உமிழாது, உறிஞ்சவும் மாட்டாது. ஆனால் பிரபஞ்சத்திலுள்ள சடத்தில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு அதுதான் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு.

காணாததை எடை போடுவது எப்படி? திணிவுள்ள எதுவும் தன்னருகே செல்லும் ஒளியை வளைக்கும் என்பது ஐன்ஸ்டைனின் கோட்பாடு. தூரத்து விண்மீன் மண்டலத்துக்கும் நமக்கும் நடுவில் இன்னொரு மண்டலம் நேராக வந்துவிட்டால், பின்னால் உள்ளது வில்லாகவோ வளையமாகவோ தெரியும். சிலவேளை ஒன்று இரண்டாகவும் தெரியும். இதுதான் ஈர்ப்பு வில்லை. முதலாவது ஈர்ப்பு வில்லை 1979இல் கண்டறியப்பட்டது. அதற்கு வழிகாட்டியது இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ரேடியோ ஆய்வு.

ஏன் ரேடியோ? தொலைகாட்டி அகன்றால் நுணுக்கம் கூடும். கண்டங்கள் தாண்டி நிற்கும் ரேடியோ தொலைகாட்டிகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்த்துப் பதிந்தவற்றைப் பின்னர் ஒன்றுசேர்க்கலாம். பூமியளவு அகலமான ஒரு தொலைகாட்டி கிடைத்த மாதிரிதான்.

2025 ஒக்டோபரில் வெளியான முடிவொன்றைப் பாருங்கள். பி1938+666 என்னும் ஈர்ப்பு வில்லையை அமெரிக்காவின் கிரீன் பேங்க் உட்படப் பல தொலைகாட்டிகள் சேர்ந்து பார்த்தன. படத்தில் மெல்லிய ரேடியோ வில் ஒன்று தெரிந்தது. அதில் ஓரிடம் மட்டும் சற்று ஒடுங்கியிருந்தது. அந்த ஒடுக்கத்தை உண்டாக்கியது, சூரியனைப் போல் சுமார் 10 இலட்சம் மடங்கு திணிவுள்ள, கண்ணில் படாத ஒரு பொருள் என்று கணக்கிட்டார்கள். அது இருப்பது ஏறத்தாழ 1000 கோடி ஒளியாண்டு தூரத்தில். அவ்வளவு தூரத்தில் அத்தனை சிறியதொன்று இந்த முறையில் அதற்கு முன்னர் அகப்பட்டதில்லை.

சின்ன ஒடுக்கம்தானே என்று நான் விட்டுவிட மாட்டேன். கரும்பொருள் மெதுவாக நகரும் துகள்களால் ஆனதென்றால், இப்படிச் சிறுசிறு திரள்கள் ஏராளமாக இருக்க வேண்டும். துகள்கள் வேகமானவை என்றால் சிறு திரள்கள் அரிதாகவே உருவாகும். எது சரியென்று அறிய அவற்றை எண்ணித்தான் பார்க்க வேண்டும். இப்போது கிடைத்தது முதலாவது கருத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஒன்றை வைத்துத் தீர்ப்பு எழுத ஏலாது. அது கரும்பொருள் திரளா, மங்கிய குறுமண்டலமா என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

ஆகவே இன்னும் பல வில்களைத் தேடுகிறார்கள். தேடியும் ஒன்றும் அகப்படாத இடங்களும் கணக்கில் சேரும். இருக்க வேண்டிய இடங்களில் திரள்கள் இல்லையென்றால், மாற்ற வேண்டியது கோட்பாட்டைத்தான்.