தரையைக் கவ்விய கார்

எங்கள் பட்டறையின் தகரக் கூரையை ஒரு புயல் பிய்த்துக்கொண்டு போனது. அன்றுதான் காற்றுக்குத் தூக்கும் பலம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்தேன். பந்தயக் காரில் அதே காற்றைத் தலைகீழாக வேலை வாங்குகிறார்கள். விமான இறக்கையைக் கவிழ்த்து மாட்டினால் அது காரைக் கீழே அமுக்கும். எடை கூடாமலே டயருக்குப் பிடி கூடும். வளைவில் வேகமாகத் திரும்பலாம்.

இந்த வித்தையில் என் மனசைப் பறித்தது, 1978-ல் கார்டன் மர்ரே வடிவமைத்த பிராபம் பிடி46பி என்ற பந்தயக் கார். அதன் பின்புறம் ஒரு பெரிய விசிறி. காருக்கு அடியிலிருக்கும் காற்றை அது உறிஞ்சி வெளியே தள்ளும். ஓரங்களில் தரையை உரசும் தடுப்புகள் வெளிக்காற்றை உள்ளே விடாது. அடியில் அழுத்தம் குறைய, மேல்காற்று காரை அமுக்கும். விசிறியைச் சுழற்றுவதே எஞ்சின்தான். அதனால் நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலே கார் பொசுக்கென்று குந்தும்! எப்பேர்ப்பட்ட மூளை!

ஸ்வீடனின் ஆண்டர்ஸ்டார்ப் தடத்தில் எண்ணெய் சிந்தி மற்றவர்கள் தடுமாற, நிக்கி லவ்டா இந்தக் காரில் 34 விநாடி முந்தி ஜெயித்தார். எதிரணிகள் கொதித்தன. வெற்றி செல்லும் என்றார்கள் அதிகாரிகள். ஆனால் உலக சாம்பியன்ஷிப் பந்தயத்தில் அந்தக் கார் மறுபடி ஓடவே இல்லை.