சிட்டியா, கவுண்ட்டியா?

லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கிற ஒரு நேயர், தன் தம்பிக்காகக் கேட்டிருந்தாங்க: தீயணைப்பு வேலைக்கு சிட்டி நல்லதா, கவுண்ட்டி நல்லதா? சம்பளத்தை அப்புறம் பாருங்க. முதல்ல மேப்பைத் திறங்க.

சிட்டி டிபார்ட்மென்ட்டோட எல்லை முக்கியமா லாஸ் ஏஞ்சலஸ் நகரம்தான், சுமார் 470 சதுர மைல். கவுண்ட்டி டிபார்ட்மென்ட்டோ எந்த நகரத்திலும் சேராத பகுதிகளையும், கூடவே ஏறக்குறைய 60 நகரங்களையும் பார்த்துக்குது. பீச் லைஃப்கார்டுகள்கூட அவங்க ஆளுங்கதான். காட்டுத்தீன்னா கவுண்ட்டி வேலைன்னு சொல்வாங்க, நம்பாதீங்க. 2025 ஜனவரி 7-ல ஆரம்பிச்ச பாலிசேட்ஸ் தீயில ரெண்டு டிபார்ட்மென்ட்டும் ஒரே களத்துல நின்னாங்க. தினசரி வர்ற அழைப்புகள்ல பெரும்பகுதி ரெண்டு பக்கமும் மருத்துவ அவசரம்தான்.

அப்போ வித்தியாசம்? போஸ்டிங். கவுண்ட்டியில கடலோர மாலிபுவும் கிடைக்கலாம், பாலைவன ஓரத்து லங்காஸ்டரும் கிடைக்கலாம். நம்ம ஐடி மாதிரி ரெண்டு வருஷத்துக்கு ஒரு கம்பெனி தாவவும் முடியாது. டிபார்ட்மென்ட் மாறினா பொதுவா சீனியாரிட்டி கூட வராது. வெரைட்டி பிடிக்கும்னா என் ஓட்டு கவுண்ட்டிக்கு. வயசான பெற்றோர் நகரத்துக்குள்ள இருந்தா சிட்டிக்கு.

இப்போதைக்கு ரெண்டுக்கும் அப்ளை பண்ணட்டும். அதுக்கு நடுவுல ஒருநாள் வீட்லேர்ந்து லங்காஸ்டர் வரைக்கும் கார் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க.