மனநோய்க்கும் மருந்து உண்டு

காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போகிறோம். மனநோய் வந்தால்? பேய் பிடித்தது என்கிறோம். செய்வினை என்கிறோம். வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி தர்கா இருக்கிறது. எல்லா மதத்தாரும் அங்கு வருகிறார்கள். மனநோயாளிகளையும் அழைத்து வருகிறார்கள். முன்பு அங்கே தனியார் காப்பகங்கள் பல இருந்தன. நோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்தார்கள்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

நாடே பதறியது. அரசு அந்தக் காப்பகங்களை மூடியது. நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. ஏர்வாடியில் இப்போது பிரார்த்தனையும் உண்டு, மருந்தும் உண்டு. கோயிலுக்குப் போகலாம். தர்காவுக்கும் போகலாம். மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாது.

பல நாள் தூக்கம் இல்லையா? சாப்பாடு இறங்கவில்லையா? யாரோடும் பேசாமல் ஒதுங்குகிறாரா? காதில் குரல் கேட்கிறது என்கிறாரா? செத்துப் போகலாம் என்கிறாரா? திட்டாதீர்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

14416 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். இரவிலும் பேசலாம். இது இலவசம்.

பிழைக்க வெளியூர் போனவர்களுக்கும் இந்த எண் உதவும். ஹைதராபாத் கச்சிபௌலியில் கட்டட வேலை செய்பவருக்குத் தெலுங்கு தெரியாதா? கவலை இல்லை. தமிழிலேயே பேசலாம். அந்த நகரில் எர்ரகட்டாவில் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கிறது.

மனநோய் சாபம் அல்ல. அதுவும் ஒரு நோய். நோயாளிக்கு வேண்டியது சங்கிலி அல்ல; சிகிச்சையும் அன்பும்.