மொட்டை மாடியில் டி.வி.: முதலில் நிழல், அப்புறம் திரை

சாயங்காலம் கடற்காற்று ஏறினால் மாடிக்குப் போய் உட்காருவது சென்னை வீடுகளின் பழைய சுகம். இப்போது பலர் அங்கே கூரை போட்டு, நாற்காலி போட்டு, கிரிக்கெட் பார்க்க டி.வி.யும் வைக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் கடையில் போய் எத்தனை இன்ச் என்று பேசுவதற்கு முன், மாடியின் வெயில், மழை, மின்சாரம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

எந்தப் பக்கம் பார்த்து?

திரையின் பிரகாசத்தை 'நிட்ஸ்' கணக்கில் சொல்வார்கள். ஹாலில் வைக்கும் டி.வி.க்கள் பெரும்பாலும் 250 முதல் 500 நிட்ஸ். பகலில் மாடி நிழலில் பார்க்கவே 700க்கு மேல் தேவைப்படும். திரை மேற்கே பார்த்தால் மாலை வெயில் அதன்மேல் விழும். கிழக்கே பார்த்தால் நம் கண்ணில் விழும். வடக்கே பார்த்து மாட்டுவதே நல்லது. ஆனால் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் சூரியன் உச்சிக்கு வடக்கே செல்கிறது. அதனால் அந்தப் பக்கமும் கூரையைச் சற்று நீட்டிப் போட வேண்டும்.

வெப்பம் இன்னொரு கவலை. வீட்டு டி.வி.க்கள் பொதுவாக 40 டிகிரி செல்சியஸ் வரைதான் இயங்கத் தோதானவை. கத்திரி வெயிலில் நிழலே அதைத் தாண்டும். தகரக் கூரைக்கு அடியில் கேட்கவே வேண்டாம்.

மழையும் மின்சாரமும்

வெளியில் வைப்பதற்கென்றே வரும் டி.வி.யில் 'ஐ.பி.55' போன்ற எண் இருக்கும். முதல் 5 தூசிக்கு, அடுத்த 5 பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு. அந்த எண் இல்லாத டி.வி.யை உறை மாட்டி வெளியே விட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கடலோர வீடுகளில் ஸ்டாண்டும் போல்ட்டும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருப்பது நல்லது. உப்புக் காற்றில் சாதாரண இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

உயிர் சம்பந்தப்பட்டது மின்சாரம். கீழிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்து ஈரத் தரையில் போடவே கூடாது. மழை புகாத பெட்டிக்குள் சாக்கெட், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் கட்டாயம். மின்கசிவு ஏற்பட்டால் ஆர்.சி.சி.பி. நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். வானம் இருட்டிக்கொண்டு வரும்போதே பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடி கேட்ட பிறகு மாடிக்கு ஏறாதீர்கள்.

ஒலியும் செலவும்

ஒலி மாசு விதிகள் 2000, குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கும், பரீட்சைக்குப் படிப்பவர் இருப்பார். ஸ்பீக்கரை நம் நாற்காலிக்கு அருகில் வைத்தால் குறைந்த சத்தமே போதும்.

வெளிப்புற டி.வி.யின் விலை சாதாரண டி.வி.யைவிடப் பல மடங்கு. பெரும்பாலான குடும்பங்களுக்கு அது தேவையில்லை. சக்கரம் வைத்த ஸ்டாண்டில் சாதாரண டி.வி.யைப் பொருத்தி, மாடி அறையிலிருந்து மாலையில் வெளியே உருட்டி, பார்த்து முடித்ததும் உள்ளே விட்டால் போதும். மிச்சமாகும் பணத்தைக் கூரைக்கும் வயரிங்குக்கும் செலவிடுங்கள். டி.வி. சில வருடங்களில் மாறும்; அவை நிலைத்து நின்று வீட்டைக் காக்கும்.